மூடி ஆர்டர்

"மூடி சப்ளை பண்றது உங்க நாத்தனாராமே?"

மேனேஜரம்மா நாற்காலியில் உட்காருவதற்குள் மாப்பிள்ளை முதலாளி கேட்டுவிட்டார். கேன்டீனில் காதில் விழுந்ததிலிருந்து வாயில் அடக்கி வைத்திருந்த கேள்வி.

"ஆமா சார். என் வீட்டுக்காரரோட தங்கச்சி."

மென்று விழுங்குவாள் என்று எதிர்பார்த்தார். இவளோ மணி கேட்டவனுக்குப் பதில் சொல்வது மாதிரி சொன்னாள்.

குழந்தைகளுக்கான இருமல் மருந்து தயாரிக்கும் கம்பெனி அது. மாமனார் கட்டி எழுப்பியது. உடம்புக்கு முடியாமல் அவர் வீட்டோடு இருந்துவிட, நாற்காலி மருமகனுக்கு வந்தது. இருமலுக்கும் இவருக்கும் அதற்கு முன் இருந்த ஒரே சம்பந்தம், அவ்வப்போது இவருக்கும் இருமல் வரும் என்பதுதான்.

மேனேஜரம்மாதான் சப்ளை செயின் மேனேஜர். பாட்டில், மூடி, லேபிள், அட்டைப்பெட்டி, லாரி எல்லாம் அவள் பொறுப்பு. அவள் வந்த பிறகு சரக்கு இல்லையென்று மெஷின் நின்றதே இல்லை. அவளை அசைக்க ஒரு காரணம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு, பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது.

"சொந்தக்காரங்களுக்கு ஆர்டர் குடுத்துட்டு இத்தனை நாள் மூச்சு விடலையே நீங்க."

"பெரியவர்கிட்ட சொல்லிட்டுதான் குடுத்தேன். வேணும்னா போன் போட்டுக் கேளுங்க."

மாமனாருக்குப் போன் போடும் எண்ணம் அவருக்கு அறவே இல்லை.

"அது அவர் காலம். என் காலத்துல இந்த சொந்தபந்தமெல்லாம் நடக்காது. மூடி ஆர்டரை இன்னிக்கே மாத்துங்க."

"யாருக்கு சார்?"

தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் தம்பிதான் மூடி செய்யற யூனிட் வச்சிருக்கானே."

மேனேஜரம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நீங்க சொன்னீங்கன்னு போன மாசமே அவர்கிட்ட சாம்பிள் கேட்டோம். இன்னும் வரலையே சார்."

"மெஷின் ஏதோ ரிப்பேராம். போன்ல சொன்னான். நம்ம தம்பிதானேன்னு விட்டுட்டேன்."

"சரி சார்."

"என்ன சரி? மாத்துறீங்களா, இல்ல ராஜினாமா எழுதிக் குடுக்கறீங்களா?"

"ரெண்டும் முடியாது." குரல் உயரவில்லை. "தப்புப் பண்ணியிருந்தா நீங்களே வெளியே அனுப்புங்க. நானா போக மாட்டேன்."

"நாத்தனார் மேல அவ்வளவு பாசமா?"

"பாசமா?" இப்போதுதான் சிரித்தாள். "நாங்க பேசி ஆறு வருஷம் ஆகுது சார்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவ அனுப்புன முதல் லோடுல மூடி சரியா உட்காரல. மருந்து கசிஞ்சுது. குழந்தைங்க குடிக்கிற மருந்து. லாரியோட திருப்பி அனுப்பிட்டேன். 'இந்த ஒரு தடவை கண்டுக்காம விடுங்க அண்ணி'ன்னு வீட்டுக்கு வந்து அழுதா. முடியாதுன்னுட்டேன். அதுல இருந்து நல்லது கெட்டதுக்குக்கூட எங்க வாசப்படி மிதிக்கல. என் வீட்டுக்காரர் இன்னிக்கும் சொல்லிக் காட்டுவார்."

கடைசி வாக்கியத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. அவளே அதைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்ப ஆர்டரெல்லாம் எப்படி?"

"மெயில்லதான். அவ என்னை 'மேடம்'னு எழுதுவா. நானும் அவளை 'மேடம்'னுதான் எழுதுவேன்."

"அவ்வளவு கோபம் இருக்கறவங்க எதுக்கு இன்னும் சப்ளை பண்றாங்க?"

"ரோஷம் சார். இன்னொரு லாரியைத் திருப்பி அனுப்பற சந்தோஷத்தை எனக்குக் குடுத்துடக் கூடாதுன்னு வைராக்கியம். அதுக்கப்புறம் ஒரு மூடி சோடை போனதில்ல. லேட்டாகும்னு சொல்லணும்னா என்கிட்ட பேசணுமே, அதனால ஒரு நாள் லேட்டானதும் இல்ல."

முதலாளி மேசை மேலிருந்த மருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

மேனேஜரம்மா எழுந்தாள்.

"உங்க தம்பிக்கும் தாராளமா ஆர்டர் குடுக்கலாம் சார். எனக்கு ஆட்சேபணை இல்ல. மூடி சரியில்லன்னா அவர் லாரியும் திரும்பும். அப்புறம் அவர் ஜென்மத்துக்கும் உங்க வாசப்படி மிதிக்க மாட்டார். உங்களுக்குப் பரவாயில்லையா?"