இரண்டாவது பேட்டரி

கூட்டேரிப்பட்டில் பஞ்சர் கடையை ஒட்டி வேன் நிற்கிறது. பின்னால் அட்டைப்பெட்டிகளில் ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சுகள் ஓயாமல் கத்துகின்றன. அவற்றுக்குக் காற்று தரும் இரண்டு ஃபேன்களும் எஞ்சின் நின்றபின் இரண்டாவது பேட்டரியில்தான் சுற்றுகின்றன. அது பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் அதிக நேரம் தாங்காது. வண்டி ஓடினால்தான் மறுபடி ஏறும். போன தடவை ஓட்டுநர் ஜெனித் பேட்டரி மீட்டரைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினான். அது காட்டியது எஞ்சின் பேட்டரியை. விழித்தபோது பின்னால் சத்தமே இல்லை.

இப்போது அந்த மலிவு மீட்டரைப் பிரித்து மடியில் வைத்திருக்கிறான். பின்பக்கத்து ஈயப்பொட்டைச் சுரண்டிவிட்டு, கடையில் கேட்டு வாங்கிய சால்டரிங் அயர்னால் இரண்டாவது பேட்டரியிலிருந்து வரும் மூன்றாவது ஒயரையும் ஒரு சின்ன சுவிட்சையும் பற்றவைக்கிறான். புகை கண்ணில் ஏறுகிறது. சீட்டில் துண்டை விரித்துவிட்டு, "கொஞ்ச நேரமாச்சும் படுங்க. கண்ணு மொளகாப்பழமாட்டம் இருக்குது," என்கிறாள் மனைவி லூசியா. "மீட்டரு சொல்லட்டும், படுக்கிறேன்." "போன வாட்டியும் அதான சொல்லிச்சு, பொய்யி!" "அது பொய் சொல்லலடி. நான்தான் வேற ஆளுகிட்ட கேட்டுக்கினு இருந்தேன்." சுவிட்சை மேலே தள்ளுகிறான். எஞ்சின் பேட்டரி, 12.6. கீழே தள்ளுகிறான், இரண்டாவது பேட்டரிக்கு. சிவப்பு எண்கள் துடித்து 11.3-இல் நிற்கின்றன. லூசியாவுக்கு எண் புரியாது, அவன் முகம் புரியும். விரித்த துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து நீட்டுகிறாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்புகிறான்.