மேடம் முகம் வாடலாமா?

விடுதி முழுக்க ஒரே பேச்சு. மாணவன் தோங் ஒரு கேம் பைத்தியமாம்.

அவன் கேள்விப் படிவத்தை நிரப்பும்போது பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டான். விளையாட்டில் சாப்பாட்டை மறந்தாயா? எப்போதும். வகுப்புக்குப் போகாமல் விளையாடினாயா? எப்போதும். அதை மறைக்க வீட்டில் பொய் சொன்னாயா? எப்போதும்.

"மூஞ்சியைப் பார்த்தா பச்சப்புள்ள மாதிரி இருக்கான். உள்ள இவ்வளவு வச்சிருக்கான் பாரேன்," என்றாள் கேன்டீனில் பப்பாளிக்காய் சாலட் இடிக்கிற அக்கா.

படிவம் அவர்களுக்குப் பாடம் எடுக்கிற சுபன்சா மேடத்துடையது. மாணவர்களின் கேம் வியாதியை அளக்க அவர் தயாரித்தது. அது சரியாகத்தான் அளக்கிறது என்று நிரூபித்தால்தான் மேடத்தின் வேலை நிரந்தரமாகும். அதற்கு, படிவம் யாரை நோயாளி என்கிறதோ, அவனை நேரில் பார்க்கிற மனநல டாக்டரும் நோயாளி என்று சொல்ல வேண்டும்.

முதல் தடவை ஒரு நோயாளிகூடச் சிக்கவில்லை. மேசைக்கு அடியில் போனை வைத்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள்கூட, மேடம் மனசு நோகுமே என்று 'இல்லவே இல்லை' என்று டிக் அடித்துவிட்டார்கள். அன்று வகுப்பில் மேடம் விட்ட பெருமூச்சு கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

இரண்டாம் தடவை கிடைத்தவன்தான் தோங். அவனைச் சோதிக்க டாக்டர் வொரவித் வந்தார். கறார் பேர்வழி.

"எந்த கேம் விளையாடுறே, தம்பி?"

தோங் வெகுநேரம் யோசித்தான். "பாம்பு, டாக்டர்."

"பாம்பா?"

"எதையோ தின்னுட்டு நீளமாகுமே... அது."

"அது நான் காலேஜ் படிக்கிறப்ப வந்ததாச்சே," என்று டாக்டர் அவன் போனை வாங்கிப் பார்த்தார். கேம் என்று மருந்துக்கும் ஒன்று இல்லை. முழுக்க அவன் வீட்டுச் சேவலின் படங்கள். நின்றபடி, நடந்தபடி, கூவியபடி.

"எதுக்குப்பா பொய் சொன்னே?"

தோங் தலை குனிந்துகொண்டான். "ஒருத்தன்கூடக் கிடைக்கலேன்னு மேடம் முகம் வாடிப்போச்சு, டாக்டர். பார்க்கவே பாவமா இருந்துச்சு. எனக்கு வியாதி இருந்தா அவங்க வேலை நிலைக்கும்னா, இருந்துட்டுப் போகட்டுமேன்னு..."

டாக்டருக்கு வந்ததே கோபம். இந்த நாட்டைக் கெடுப்பதே இந்த முகதாட்சண்யம்தான் என்று பிடித்துக்கொண்டார். வாயில் வைக்க முடியாத சூப்பையும் பிரமாதம் என்று குடிக்கிறோம். ஊசி போட்ட டாக்டர் வருத்தப்படுவாரே என்று வலியே இல்லை என்கிறோம். இப்படி ஆளாளுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆராய்ச்சி எப்படி உருப்படும் என்று கேட்டார்.

"உண்மை கசந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும். வா என்கூட. எப்படிச் சொல்றதுன்னு பார்த்துக் கத்துக்கோ."

தோங் கைகூப்பிவிட்டுப் பின்னால் நடந்தான்.

வெளியே பெஞ்சில் சுபன்சா மேடம் காத்திருந்தார். மடியில் ஒரு பொட்டலம். டாக்டருக்காக வரிசையில் நின்று வாங்கி வந்த மாம்பழமும் தேங்காய்ப்பால் சோறும். பாவம், அவர் இன்னும் எதுவும் சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை. டாக்டரைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார்.

"டாக்டர், பையனுக்கு... இருக்கா?"

டாக்டர் வாயைத் திறந்தார். மேடத்தின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். திரும்பித் தோங்கைப் பார்த்தார். அவன் கற்றுக்கொள்ளத் தயாராக நின்றிருந்தான்.

தொண்டையைச் செருமிக்கொண்டு டாக்டர் சொன்னார்:

"இருக்கு மேடம். பாம்பு கேம். ரொம்ப முத்திப்போச்சு."