சலவை இயந்திரத்தின் பிடியில்

காசெல் நகரத்தில் புதிதாகத் திறக்கும் மரச்சாமான் கடை வாசலில், நண்பகல் வெயிலில், அறுபதை நெருங்கும் டெட்லெஃப் தன் ஒலிக்கருவிகளின் பின்னால் நிற்கிறார். ஒரு காலத்தில் ஜெர்மனியையே தூங்கவிடாத டெக்னோ பாட்டு அவருடையது. சலவை இயந்திரத்துக்குள் ஒரு பூட்ஸைப் போட்டுச் சுழலவிட்ட ‘தடக் தடக்’தான் அதன் தாளம் என்பது ஊரறிந்த கதை, அதற்கு ஆடி ஆடியே பெர்லின் ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது. ஆனால் இப்போது ஒலிப்பது அதுவல்ல. பத்து வருஷமாகத் தனியறையில் இழைத்து இழைத்துச் செய்த புதுப்பாட்டு, முதன்முதலாக வெளிக்காற்றில் கேட்கிறது. இது மட்டும் பிடித்துவிட்டால் அந்தச் சலவை இயந்திரத்திடமிருந்து அவருக்கு விடுதலை. கண்ணை மூடிக்கொள்கிறார். தொத்திறைச்சி வாட்டும் புகை மெல்ல நகர்கிறது, இலவச பலூன்கள் ஒன்றோடொன்று உரசிக் கீச்சிடுகின்றன. பாட்டு முடிகிறது. தொத்திறைச்சி அடுப்பின் பக்கத்திலிருந்து பழைய சிநேகிதர் ஊவெ இடுக்கியை ஆட்டுகிறார். “டேய் டெட்லெஃப், ஸ்பீக்கரெல்லாம் டெஸ்ட் பண்ணி முடிச்சிட்டியா? கறி கருகறதுக்குள்ள பாட்டைப் போடுப்பா.” “இதுதாண்டா...” என்று தொடங்கிய டெட்லெஃப், பேச்சை விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துகிறார். தடக், தடக். தள்ளுவண்டிக் குழந்தை முதல் கைத்தடிக் கிழவர் வரை எல்லாக் கைகளும் வானத்துக்கு எழுகின்றன. பழக்கதோஷத்தில் அவருடைய கையும்.