பெண்களுக்கு வேலை செய்யாத மருந்து

மாத்திரை அண்ணனின் தட்டில் இருந்தது.

வறுத்த மீனுக்குப் பக்கத்தில். மஞ்சள் நிறம். நடுவில் ஒரு கோடு.

அவள் வாசலிலேயே நின்றாள்.

அண்ணன் அதை எடுத்து வாயில் போட்டான். ஒரு மடக்குத் தண்ணீர். முகத்தைச் சுளித்தான். அம்மா ஒரு துண்டு வெல்லத்தை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அண்ணன் தணிகைவேலுக்கு வயது நாற்பத்திரண்டு.

காதோரம் இருந்த நரை போய் இரண்டு வருடம் ஆகிறது. மை அடிக்கிறான் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

அவள் பையில் மருந்துக் கம்பெனியின் கடிதம் இருந்தது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ரயில் முழுக்க அழுதுகொண்டு வந்திருந்தாள்.

ஆயுளை நீட்டுகிற மாத்திரை. தினம் ஒன்று. நூற்றைம்பது வயது வரை வாழலாம் என்றார்கள். முப்பது தாண்டிய யாரும் சோதனையில் சேரலாம். ஆனால் வீட்டுக்கு ஒருவர்தான்.

அந்தத் தெருவில் முதன்முதலில் காலேஜுக்குப் போனவள் அவள். அவள் சொன்னால் தெரு கேட்கும். அதற்காகவே கம்பெனி அவளை ஆள் சேர்க்கும் வேலைக்கு எடுத்தது.

அவள் பெண்களைத்தான் பட்டியலில் எழுதினாள். வீடுவீடாகப் போய்ச் சண்டை போட்டு எழுதினாள். நாற்பதில் மூட்டு தேய்ந்தவர்கள். ஐம்பதில் கிழவியானவர்கள். தெருவும் பக்கத்துத் தெருக்களுமாக இருநூற்றுப் பத்துப் பேர். முதல் பெயர் அம்மா. தன் பெயரை எழுதவில்லை என்று அண்ணன் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்று வருடம் ஓடியது. மாதாமாதம் காலி டப்பாவை வாங்கிக்கொண்டு புது டப்பாவைக் கொடுத்தாள். டப்பா காலியென்றால் சாப்பிட்டாயிற்று என்று பதிவு. ரத்தம் எடுத்து அனுப்பினாள்.

ஒருத்திக்கும் ஒரு முடிகூடக் கறுக்கவில்லை. அம்மாவுக்குக் கூன் விழுந்தது.

கடிதத்தில் இரண்டே வரி. வேறு ஊரில் நடந்த சோதனையில் ஆண்களிடம் மருந்து வேலை செய்கிறது. பெண்களின் உடம்பு அதை ஏற்கவில்லை, ஆகவே பெண்கள் பிரிவு மூடப்படுகிறது.

பெண்கள் என்றால், உலகத்துப் பெண்கள் எல்லோரும். இந்தத் தெருக்களின் ரத்தத்தை வைத்து எடுத்த முடிவு.

"எத்தினி நாளாம்மா?"

அம்மா முள் எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் மீனில்.

"மொத நாள்லேர்ந்து. கத்தாத. அவன் துன்னட்டும்."

"உனக்குன்னு கொண்டாந்தேம்மா."

"எனக்கு எதுக்குடி நூத்தம்பது? அத்தினி வருசமும் எவனுக்கு ஆக்கிக் கொட்ட?"

அண்ணன் சிரித்தான். வாய் நிறையச் சோறு.

"நான் மட்டுமாடி? சரசு அவ புருசனுக்குக் குடுக்கறா. கன்னியம்மா ரெண்டு புள்ளைங்களுக்கும் ஒடைச்சுப் பாதி பாதியாக் குடுக்கறா. இங்க எவ முழுங்குனா, சொல்லு?"

அவள் பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள்.

மாதாமாதம் இருநூற்றுப் பத்துக் காலி டப்பாக்கள். ஒவ்வொன்றையும் குலுக்கிப் பார்த்து வாங்கியவள் அவள்.

பெண்களின் உடம்பு ஏற்கவில்லையாம். அந்த மருந்து ஒருத்தி நாக்கில்கூடப் பட்டதில்லை.

போனை எடுத்தாள். சோதனைக்குப் பொறுப்பான டாக்டருக்கு எழுதினாள். மருந்தைப் பெண்கள் யாரும் சாப்பிடவில்லை. பிரிவை மூடாதீர்கள். மறுபடி நடத்துங்கள். இந்த முறை நம் எதிரிலேயே விழுங்கட்டும்.

பதில் உடனே வந்தது. அவர் ஒரு திட்டும் திட்டவில்லை. புதுப் பட்டியல் அனுப்பு. இன்றைக்கே. வீட்டுக்கு ஒருவர்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளின் முகத்தைப் படிக்கத் தெரியும்.

"அவனுக்கு நிறுத்திடாதடி."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் போய்ட்டா உனக்குப் பொறந்த வூடுன்னு ஒண்ணு வேணாமா? நல்லது கெட்டதுக்குச் சீரோட வந்து நிக்க அண்ணன் வேணாமா? உனக்காவத்தாண்டி."

அவள் கல்யாணத்துக்கே அண்ணன் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனவன்தான்.

"எதிர்லயே நின்னு குடுத்தா?" என்று கேட்டாள். "நானே உன் வாயில போட்டா? அப்பவாவது முழுங்குவியா?"

அம்மா யோசித்தாள். மகளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை போலும்.

"நாக்குக்கடியில வெச்சிக்கினு வந்து அவனுக்குத்தாண்டி குடுப்பேன்."

அண்ணன் கை கழுவ எழுந்து போனான். நாற்பத்திரண்டு வயதின் எந்த அலுப்பும் அந்த நடையில் இல்லை.

அவள் போனில் புதுப் பட்டியலைத் திறந்தாள். முதல் வரி. அவள் பிறந்த வீடு.

அம்மாவின் பெயரையே மறுபடி எழுதினாள்.

வெகு நேரம் அதைப் பார்த்தாள்.

ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். தன் பெயரை எழுதினாள்.

"யாரு பேருடி போட்ட?"

அவள் போனைப் பைக்குள் போட்டாள். அம்மா மறுபடி கேட்கவில்லை. இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

"வா. சோறு ஆறுது."

அவள் போய் உட்கார்ந்தாள். அம்மா சோறு போட்டாள். நரம்பு புடைத்த அந்தக் கையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டு நிறைந்தது. அம்மா இன்னும் ஒரு கரண்டி அள்ளினாள்.

போதும் என்று அவள் சொல்லவில்லை.