கறுப்புக் குழாய்

"கறுப்புல குழாயா? பார்க்கவே நல்லால்லையே!" என்று அந்தம்மாள் உதட்டைப் பிதுக்கினார்.

"இப்ப பாத்ரூம்னாலே மேட் பிளாக்தான்மா," என்றார் குழாய்க் கடை விற்பனையாளர். "பளபளப்பெல்லாம் பழசாயிடுச்சு."

"சோப்புக் கையோட திருகினா வழுக்குமே?"

"திருகவே வேண்டாம். இந்த நீளப் பிடியை முழங்கையால தட்டினாப் போதும்."

"உப்புத் தண்ணின்னா வெள்ளை வெள்ளையாப் படியும்."

"ஒரு தடவை துடைச்சாப் போயிடும். சார் துடைக்கிறாரே, பாருங்க!"

அந்தம்மாளின் கணவர் வாயே திறக்காமல், காட்சிக்கு வைத்திருந்த குழாயைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னவோ போங்க. விவரம் தெரியாதவங்க யாரோ செஞ்ச மாதிரி இருக்கு."

விற்பனையாளருக்குச் சுருக்கென்றது. "வாங்கலைன்னாலும் பரவாயில்லம்மா, குறை சொல்லாதீங்க. எத்தனையோ வருஷமா குழாய் விக்கிறேன். இதை டிசைன் பண்ண ஆளுக்கு உடம்பெல்லாம் மூளை. நேர்ல பார்த்தா கையெடுத்துக் கும்பிடுவேன்!"

அந்தம்மாள் கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். அது அழைப்பிலேயே இருந்தது.

"கேட்டியாடி? உன் குழாய் நல்லா இருக்குன்னு நாங்க சொன்னா, பெத்தவங்க அப்படித்தான் சொல்வீங்கன்னு அலுத்துக்கிட்டியே! இப்ப கடைக்காரரே சொல்றார்!"

விற்பனையாளர் திருதிருவென விழித்தார். "உங்க பொண்ணா? அப்ப வீட்டுக்கு எத்தனை போடட்டும்மா?"

"ஒண்ணும் வேண்டாம். அவ முதன்முதலா செஞ்சு பார்த்த குழாய் எங்க வீட்டுலதான் இருக்கு. சொட்டு சொட்டா ஒழுகுது. மாத்தலாம்னா இந்த மனுஷன் விட்டாத்தானே!"

கணவர் அப்போதுதான் வாய் திறந்தார்.

"ஒழுகினா ஒழுகட்டும். அதான் வாளி வெச்சிருக்கேன்ல!"