பதினெட்டாவது தாள்

"குடிச்சிருச்சாண்ணே?" கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள் தஸ்னீம்.

"இல்லம்மா. ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல" என்றார் இமானுவேல்.

கண்ணைத் திறந்தாள். மேசைமேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தாள். அவள் விட்ட தண்ணீர்ச் சொட்டு அதன்மேல் உருண்டையாக அப்படியே நின்றது.

சீமைக்கருவேல மரத்தூளிலிருந்து பிரித்தெடுத்த, கண்ணுக்கே தெரியாத நானோ நாரில் செய்த தாள் அது. தண்ணீரைக் கண்டால் உறிஞ்சிக்கொள்வது அந்த நாரின் குணம். அதன் மேற்பரப்பில் ஒரு ரசாயனத்தைப் பிணைத்து அந்தக் குணத்தை மாற்றிவிட்டால், மீன் பெட்டிக்குத் தெர்மாகோலே வேண்டியதில்லை. இராமநாதபுரத்துக் கல்லூரி ஆய்வகத்தில் மூன்று வருடமாக அதோடுதான் மல்லுக்கட்டுகிறாள். பதினேழு தாள்கள் ஊறி நைந்துபோயின. கடைசியாக எப்போது பசித்துச் சாப்பிட்டோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

உதவித்தொகை இந்த மாதத்தோடு முடிகிறது. சவூதியில், தம்மாமில் இருக்கும் கணவன் ஸுஹைர் அவளுக்கு விசா எடுத்து வைத்திருந்தான். இந்தத் தாளும் ஊறினால் கிளம்பி வந்துவிடுவதாக அவளும் சொல்லியிருந்தாள்.

இமானுவேல் ஆய்வக உதவியாளர், தங்கச்சிமடத்துக்காரர். அவள் சொட்டு விடும்போதெல்லாம் பார்க்கப் பொறுக்காமல் வெளியே போய்விடுகிறவர், இன்று கதவைத் திறக்கும்போதே, "இன்னைக்கு நிக்கும்மா, பாருங்க" என்றிருந்தார்.

இன்னும் நாலு சொட்டு விட்டாள். நாலும் நின்றன.

அப்படியே தரையில் உட்கார்ந்து ஸுஹைருக்குப் போன் போட்டாள். "நின்னுருச்சு மச்சான். நான் வரல. விசா வேணாம்னு சொல்லிருங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான், களைத்த குரலில். "சரி, இங்கன நான் சமாளிச்சுக்கிறேன். நீ முடிச்சுட்டே வா."

போனை வைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டிய இமானுவேலுக்கும் கண் கலங்கியிருந்தது.

"எதுக்கும்மா அழுகுறீக? மாதா கைவிடமாட்டா. ஒங்களுக்காக நேந்துக்கிட்டு, நேத்து சாயந்தரம் கோயில் மெழுகுவர்த்திய அந்தத் தாள் முச்சூடும் தேச்சுல்ல வச்சேன்!"