மோந்து எடுத்த மை

சில்வஸ்டர் இரண்டு கறுப்பு மை பாட்டில்களைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, மூடிகளைத் தானே திருகித் திறந்தான்.

"மோந்து பாருங்க," என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே கம்ப்யூட்டர் சாமான் விற்கும் அந்தச் சின்னக் கடையில், பிரிண்டர் மையை மூக்கால் பார்த்து வாங்கிய ஒரே ஆள் குமாரசாமிதான். போன ஏப்ரலில் நடந்த அந்தக் கூத்தைச் சில்வஸ்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் தீர்த்திருந்தான்.

குமாரசாமிக்கு அது கூத்து இல்லை. அவர் தேயிலை ஃபேக்டரியில் தூள் தயாரிப்பு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கராக இருந்தவர். தேயிலை பொல்லாத சாதி. பக்கத்தில் எந்த வாடை இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு வந்த சூப்பர்வைசரைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். விலை விழுந்து ஃபேக்டரியை மூடிய பிறகும் அவருடைய மூக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை.

அரவேணுவில் அவருக்கு இரண்டு ஏக்கர் தோட்டம். பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். அவர் மனைவி சாந்தாமணி விடவில்லை. கொழுந்தைத் தானே கிள்ளி, மூங்கில் தட்டில் போட்டுக் கையால் உருட்டி, அடுப்படியிலேயே காயவைத்தாள்.

முதல் டம்ளரைக் குமாரசாமி சொட்டு விடாமல் குடித்தார். அவர் காலத்தில் ஃபேக்டரியில் அப்படியொரு டீ இறங்கியதே இல்லை. அதைச் சொன்னால் கௌரவம் என்னாவது?

"குடிக்கலாம்," என்று மட்டும் சொன்னார்.

ஊட்டியில் மே மாத மலர்க் கண்காட்சிக்கு அந்த டீயைக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. காகிதப் பையில் ஒட்டும் லேபிளை, மகன் விட்டுவிட்டுப் போன பிரிண்டரில் வீட்டிலேயே அடித்துக்கொள்ளலாம். மைதான் தீர்ந்திருந்தது. கம்பெனி மை கட்டுப்படியாகாது. ஊசியில் எடுத்து ஏற்றுகிற பாட்டில் மை போதும் என்று இதே கடைக்கு வந்தார்.

அன்றும் இதே இரண்டு பாட்டில்கள்தான். தண்ணீர் பட்டாலும் அழியாது என்று சில்வஸ்டர் ஒன்றை எடுத்துக் காட்டினான். குமாரசாமி மோந்து பார்த்தார். லேசாகப் பெயிண்ட் வாடை. காகிதத்தைத் தாண்டி இலைக்குள் இறங்கிவிடும். இன்னொன்றில் ஒரு வாடையும் இல்லை. அதை வாங்கிக்கொண்டு, பெரிய காரியத்தைச் சாதித்தவர் போல நடந்தார்.

லேபிளில் மேலே 'சாந்தாமணி டீ' என்று இருந்தது. கீழே, மறுபடி வேண்டுமென்றால் கூப்பிடச் சொல்லி வீட்டு போன் நம்பர்.

எல்லாப் பைகளும் மத்தியானத்துக்குள் விற்றுப்போயின. சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. வாங்கியவர்கள் பைகளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். பாவம் சனங்கள் என்று புருஷனும் பெண்டாட்டியும் ஸ்டாலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே சாந்தாமணி போனை அடுப்புக்குப் பக்கத்து அலமாரிக்கு மாற்றினாள். கை வேலையாக இருந்தாலும் எட்டி எடுத்துவிடலாம்.

யாரும் கூப்பிடவில்லை.

ஆனி போய் ஆடியும் வந்துவிட்டது. அவ்வப்போது ரிசீவரைக் காதில் வைத்து, போனுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு ஒருநாள் மூங்கில் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

"எங் கையி டீக்கு ஆகாதுங்க. குடிச்சவிய ஒருத்தராச்சும் கூப்புட்டிருக்க மாட்டாங்களா?"

ரொம்ப நல்ல டீ என்று குமாரசாமி அப்போதுதான் வாய் திறந்து சொன்னார். சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் சமையலறை ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. வீட்டுக்கென்று எடுத்துவைத்திருந்த ஒரே ஒரு பை அங்கே நனைந்து கிடந்தது. குமாரசாமி அதைக் கையில் எடுத்தார். சாந்தாமணியின் பெயர் இருந்த இடத்தில் ஒரு கருநீலக் கறை. நம்பர் இருந்த இடத்தில் அதுகூட இல்லை.

எந்தெந்த ஊரிலோ அந்த டீயைக் குடித்துவிட்டு, கூப்பிட வழியில்லாமல் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார்கள்.

அவள் வருவதற்குள் அதை அடுப்பில் போட்டுவிட்டார். உன் கை தோற்கவில்லை, என் மூக்குதான் கெடுத்தது என்று சொல்ல வேண்டும். தினமும் சொல்ல நினைக்கிறார். வாய் வரவில்லை.

இப்போது சில்வஸ்டர் கடையில் அவர் அழியாத மையைக் காட்டினார்.

"அதைக் குடுப்பா."

சில்வஸ்டருக்கு ஆச்சரியம். "அது வாடை அடிக்குமுங்களே! அப்பறம், அடிக்கடி பிரிண்ட் எடுக்காட்டி காஞ்சுபோயி அடைச்சுக்குமுங்க. மலர்க் காட்சிக்கு இன்னும் எத்தனை மாசம் கெடக்குது."

"ஒரே பேப்பர்தானப்பா. அதுக்கப்பறம் அடைச்சா அடைச்சுட்டுப் போவட்டும்."

மோந்து பார்க்காமலே பாட்டிலை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒரே காகிதம்தான். ரோட்டோரம் கேட்டில் ஒட்ட வேண்டும். எந்த மழைக்கும் நிற்க வேண்டும். இரண்டு ஏக்கர் தேயிலைத் தோட்டம், வீட்டோடு விற்பனைக்கு. கீழே போன் நம்பர், நல்ல பெரிய எழுத்தில். விற்றுவிட்டுத் திருப்பூரில் மகனோடு போய் இருந்துகொள்ளலாம் என்றவள் சாந்தாமணிதான். கைக்கு ஆகாத வேலையை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்டாள். அப்போதும் அவர் சொல்லவில்லை.

போன் இன்னும் அடுப்புக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறது.

இந்தத் தடவை மணி அடிக்கும். ஓடிப்போய் எடுப்பவளும் அவளாகத்தான் இருப்பாள்.